ஒன்பதாம் அறைக்கு ஒரே வாசல்

கதை எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்களிடம் முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். இதுவரை அலுவலகக் கடிதங்களைத் தவிர வேறொன்றும் நான் எழுதியதில்லை. திருத்தங்கலில் ஒரு வீட்டாருக்கு நேர்ந்ததைக் கேட்ட நாள் முதல் உறக்கம் சரியில்லை. எழுதிவிட்டால் சற்று ஆறுமோ என்னும் ஆசையால் எழுதுகிறேன். குற்றம் குறை இருப்பின் பொறுத்தருள்க.

ஆர்த்தியின் கண்ணில் முதலில் பட்டது, காரின் பின்பக்கம் அமுங்கியிருந்ததுதான்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டிற்கு முந்தைய நேரம். ஒன்பதாம் அறையின் ஷட்டரை அவள் கணவர் சண்முகவேல் உயர்த்தியதும், வெளியே காத்துக்கிடந்த வெயில் அவரை முந்திக்கொண்டு உள்ளே சரிந்து, சீட்டுகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படாத அந்தச் சாம்பல் நிற டீசல் காரின் மீது விழுந்தது. பின்சக்கரத்திற்கும் அதன் மேலுள்ள வளைவிற்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அன்று ஒரு விரல்கூட நுழையாது போலிருந்தது. கல்யாண வீட்டிற்கு ஆளை அடைத்துக்கொண்டு புறப்படும் வண்டிதான் அப்படி நிற்கும். உள்ளே யாரும் இல்லை.

“என்னங்க, பின் டயர்ல காத்து எறங்கிருச்சா?”

சண்முகவேல் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கு. நிக்கிற வண்டிதான, ஸ்பிரிங்கு கொஞ்சம் உக்காரும். வண்டியப் பத்தி எனக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்ட.”

சிரித்தபடி ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். அந்த நொடியில், உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நகர்ந்தாற்போல், காரின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. பிளாஸ்டிக் உறை சரசரத்தது. அவர் குனிந்து பானெட் திறக்கும் கொக்கியைத் துழாவிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. ஆர்த்தி கவனித்தாள்.

சண்முகவேலுக்குத் திருத்தங்கலில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சடிக்கும் அச்சகம் இருந்தது. அதற்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே பித்து இந்தக் கார்கள். ஒரு அம்பாசிடர், ஒரு கான்டெசா, ஒரு மாருதி எண்ணூறு, ஒரு சுமோ, ஒரு குவாலிஸ், கடைசியாக இந்தப் புது டீசல் கார். சொந்தக்காரர்கள் கேலி பேசினால் ஒரே பதில் வைத்திருந்தார்.

“சிரிக்கிறவன் சிரிக்கட்டும். இன்னும் இருவது வருசத்துல எல்லாம் பேட்டரி வண்டி ஆயிரும். ரோட்டுல ஒரு சத்தம் இருக்காது. அப்ப ஒருத்தன் இந்த டகடகங்கிற சத்தத்தக் கேக்குறதுக்கே டிக்கெட் எடுத்துட்டு வருவான். அவன நான் வாசல்லயே நிக்க வப்பேன்.”

சாத்தூர் போகும் வழியில், உரிமம் ரத்தாகிப் பாழடைந்து கிடந்த பட்டாசு ஆலையை அவர் வாங்கியதும் இவற்றிற்காகத்தான். கரிசல் காட்டு வறண்ட காற்றில் இரும்பு துருப்பிடிக்காது. ஓரறையில் தீப்பற்றினால் மற்றோர் அறைக்குத் தாவாதபடி, வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சிற்றறைகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாசலை மட்டும் அகலப்படுத்தி, அறைக்கு ஒரு கார் என நிறுத்தினார். கணவனும் மனைவியும் வாரந்தோறும் வந்து, பேட்டரி வயரை மாட்டி, எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, டயரின் ஒரே பக்கம் தரையில் அழுந்தாமலிருக்க வண்டியை ஒரு சாண் நகர்த்திவிட்டுப் போவார்கள். காவலுக்குச் சங்கிலிமுத்து என்பவர் இருந்தார். முன்பு அதே ஆலையில் வேலை பார்த்தவர்.

ஒன்பதாம் அறை மட்டும் புதியது. பழைய அறை, ஆலை மூடப்படக் காரணமான விபத்தில் தரைமட்டமாகியிருந்தது. அதே கடைக்காலின் மேல் ஹாலோபிளாக் கல்லால் நான்கு சுவர் எழுப்பி, முன்பக்கம் ஒரு ஷட்டர் வைத்தார் சண்முகவேல். கட்டும்போதே ஆர்த்தி கேட்டாள்.

“ஒத்த வாசலா வைக்கீக?”

“நிக்கப் போறது ஒரு காரு. அது என்ன கொல்லப்பக்கமா எறங்கி ஓடவா போகுது?”

ஆர்த்தியின் தகப்பனார் சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவர். சிறுமியாக இருந்தபோது அவள் அங்கே போனால், அறைக்குள் கால் வைக்கும் முன்பே அவர் முதலில் காட்டித் தருவது அந்தந்த இடத்திற்குரிய கதவைத்தான். நாலு பக்கமும் கதவு. ஒவ்வொருவருக்கும் தம் முதுகுக்குப் பின்னாலோ கைக்குப் பக்கத்திலோ ஒரு கதவு. ஏதேனும் ஆனால் யோசிக்கக் கூடாது, யாரையும் பார்க்கக் கூடாது, உன் கதவு வழியாக ஓடு. ஓடி ஓடி அது உடம்பிலேயே ஊறியிருக்கும். இந்த அறையின் மூன்று மொட்டைச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் தானாகவே கதவைத் தேடியது.

அடுத்த வாரம் காரின் நான்கு கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன. சாவி வீட்டு அலமாரியில் இருந்தது. பூட்ட மறந்திருப்பேன் என்றார் சண்முகவேல். அதற்கடுத்த வாரம், வேப்பமரத்தடியில் அமர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, மூடிய ஷட்டருக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் சரசரக்கும் ஓசை வந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் இடம் மாறி உட்காருவது போன்ற ஓசை. எலியாக இருக்கும் என்றார். ஆனால் அவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

பிறகு அவர் தனியாகவும் போக ஆரம்பித்தார். எஞ்சினை ஓடவிடுவதாகச் சொல்லிப் போய், பொழுது சாயும்வரை அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பும்போது டீசல் வாடை அடிக்கவில்லை. கந்தக வாடை அடித்தது. விரல் நுனிகளில் வெள்ளி நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. சோப்புப் போட்டாலும் மண்ணெண்ணெய் போட்டாலும் போகவில்லை. இன்னதென்று ஆர்த்திக்குத் தெரியும். அவள் தகப்பனாரின் விரல்களில் பணி ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டியிருந்த அலுமினியப் பவுடர் அது.

“அங்கன உக்காந்து என்னதான் செய்றீக?”

“என்னத்தச் செய்ய? சும்மாதான் இருக்கேன்.” விரல்களை வேட்டியில் தேய்த்தார். “எடம் பத்தல ஆர்த்தி. ரொம்ப நெருக்கமா இருக்கு.”

அவள் சங்கிலிமுத்துவிடம் போய் நின்றாள். அவர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அந்த விபத்தப்ப ஒம்பதாம் ரூம்புல எத்தன பேருண்ணே இருந்தாக?”

“நாலு பேரு உக்காரத்தாம்மா அனுமதி. சீசன் நேரம், ஆர்டர் நிக்குது. ஏழு பேர உக்கார வச்சாக.”

“கதவு நாலு இருந்துச்சுல்ல? ஓடலையா?”

“ஓடுனாக. முடிஞ்ச பெட்டிய லோடு ஏத்துறதுக்காகக் கதவோரமா அடுக்கி வச்சிருந்தாகம்மா. மூணு பக்கமும்.” அவர் ஒன்பதாம் அறை இருந்த திசையைப் பார்க்காமலே பேசினார். “நான் பெட்டி தூக்குன ஆளு. வேற ஒண்ணும் என்னக் கேக்காதீக.”

அன்றிரவு ஆர்த்தி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, காரை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டாள். விற்றாலும் சரி, தெருவில் விட்டாலும் சரி. நீங்கள் எனக்கு வேண்டும். அவர் மறுக்கவில்லை. அதுவே அவளுக்கு அச்சத்தைக் கூட்டியது. பழைய சண்முகவேல் ஒரு மணி நேரமாவது வாதாடியிருப்பார்.

சித்திரைக் கடைசியில், கோடை மழை கட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில் இருவரும் போனார்கள். வானம் கறுத்து, வேலிக்கருவேலங் காடு முழுவதும் ஈயம் பூசினாற்போல் மங்கியிருந்தது. காற்றே இல்லை. சண்முகவேல் ஷட்டரைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பட்டாசு அறைக்குள் போகிறவர்கள் அப்படித்தான் வெறுங்காலோடு போவார்கள். அவர் அச்சகத்துக்காரர், அந்த வழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

“செருப்பு எதுக்குக் கழத்துறீக?”

அவர் காலைப் பார்த்தார். அப்படியே உள்ளே போனார்.

பேட்டரி வயரை மாட்டினார். உட்கார்ந்தார். எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. கார் அமுங்கியிருந்தது, டயரின் மேல் அடிப்பாகமே உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. ஆர்த்தி வாசலுக்கு வெளியே வழிவிட்டு விலகி நின்றாள். “வாங்க, வந்துருங்க” என்றாள்.

அப்போது மின்னல் வெட்டியது.

மின்னல் வெட்டினால் பட்டாசு அறையில் யாரும் இருக்கக் கூடாது. போட்டது போட்டபடி வெளியே ஓடிவிட வேண்டும். ஆர்த்திக்கு அது நினைவு வந்ததும், ஷட்டர் தானே சரிந்து தரையில் மோதியதும் ஒரே கணத்தில் நடந்தன.

இழுத்தாள். அசையவில்லை. “சங்கிலிமுத்தண்ணே” என்று கத்தினாள்.

உள்ளே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் சரசரத்தது. ஒரு கார்க் கதவு திறந்தது. இன்னொன்று. இன்னொன்று. கடைசியாக நான்காவது.

பிறகு காலடிகள். வெறுங்கால்கள். பல.

அவை ஷட்டரை நோக்கி வரவில்லை. எதிர்ச்சுவரை நோக்கி ஓடின. பக்கச் சுவர்களை நோக்கி ஓடின. மொத்தென்று மோதின. கைகள் அறைந்தன. கதவு இருந்த இடத்தில், கதவு இல்லாத கல்லின் மீது.

“ஆர்த்தி.” அவர் குரல்தான். பின்சுவரிலிருந்து. “கதவத் தொறம்மா.”

“கதவு அங்கன இல்லங்க. இங்கன வாங்க. ஷட்டரு இங்கன இருக்கு.”

“இங்கனதான் இருந்துச்சு.”

“திரும்பிப் பாருங்க. நான் தட்டுதேன். கேக்குதா? என் பக்கம் வாங்க.”

“இதுதான் என் கதவு ஆர்த்தி.”

அவளிடமிருந்து ஆறேழு எட்டில், தாமே வைத்த ஷட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டல் சுவர் நெடுகிலும் தடவித் தடவி நகர்ந்தது. புகை ஷட்டரின் கீழ்விளிம்பில் கசிந்தது. ஆர்த்தி அறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். சங்கிலிமுத்து கடப்பாரையோடு வந்துவிட்டார். தட்டல் கேட்ட இடத்தில் குத்தினார். மீண்டும் குத்தினார். கல் உடைந்தது.

ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குத் துளை. உள்ளே இருட்டு. கரும்புகை பீறிட்டு வெளியே வந்தது. தட்டல் நின்றது.

“கையக் குடுங்க” என்று ஆர்த்தி தன் வலக்கையைத் தோள்வரை உள்ளே விட்டாள்.

ஒரு கை பிடித்தது.

சின்னக் கை. கண்ணாடி வளையல். உள்ளங்கை உப்புத்தாள்போல் சொரசொரத்தது. அவர் கை அன்று. அவள் உதற முயன்றாள், அது விடவில்லை, அதற்கு மேலே இன்னொரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. முழங்கையை ஒன்று. முந்தானையை ஒன்று. ஒன்றும் இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். அவள் இழுத்தால் வருவோம் என்பதுபோல். அவற்றிற்கெல்லாம் பின்னால், அறை இருந்த அளவைவிட வெகு தொலைவிலிருந்து, அவர் குரல் நிதானமாகக் கேட்டது.

“அவசரப்படாத ஆர்த்தி. மொதல்ல அவுக வரட்டும். அவுக ரொம்ப நாளா நிக்காக.”

சங்கிலிமுத்து கடப்பாரையைக் கீழே போட்டார். ஆர்த்தி இழுத்தாள். துளையின் விளிம்பில், வெள்ளி பூசிய விரல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்திற்கு வந்தன.

சுவரை முழுவதும் இடித்துப் பார்த்தபோது அறையில் எவரும் இல்லை.

இழந்தவை: சண்முகவேல், வயது நாற்பத்தொன்று. டீசல் கார் ஒன்று, எஞ்சின் இறுகிவிட்டது. ஹாலோபிளாக் சுவர் ஒன்று. ஆர்த்தியின் வலக்கை வளையல்கள் நான்கு. சங்கிலிமுத்துவின் பேச்சு. மற்ற ஐந்து கார்களுக்கும் சேதமில்லை.