வன்முறை: சுழியம்

அன்றைய முதல் பாடவேளையிலேயே, கதை சொல்லிக்கொண்டிருந்த ரிஸ்வான் நாற்காலியோடு சரிந்து விழுந்தான். கடித்துக்கொண்ட உதட்டில் ரத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் சினிமா படிக்கும் பிள்ளைகளுக்கு இது வாடிக்கைதான்.

கதையை வாயால் சொன்னால் போதும், கதைப்பொறி உடனே படமாக்கிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்ததும் திரையெங்கும் தலைகள் உருண்டன. அதனால் கழுத்தில் வலிப்பட்டை வந்தது. கதையில் யாருக்கு அடி விழுந்தாலும் அந்த வலியில் பத்தில் ஒரு பங்கு சொன்னவருக்கு. படத்தில் இருப்பவை உண்மை முகங்களாக இருந்து, அடி எல்லை மீறினால், அடித்தவரைத் தேடிக் காவல் போய்விடும். பிள்ளைகளின் கதையில்தான் வீட்டு உண்மை கசியும் என்பது சட்டம் போட்டவர்களின் எண்ணம். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது.

நிறைமதி அந்தச் சட்டத்தை நம்பித்தான் அன்று வகுப்புக்கு வந்திருந்தாள். அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் பொறிக்குக் கொடுத்தாள்.

"தாங்கலைன்னா நிறுத்திடும்மா" என்றார் ஆசிரியர் பரிதிமாறன்.

"தாங்கிப்பேன் சார்."

அப்பா அம்மாவின் முடியைப் பிடித்து இழுப்பதைச் சொன்னாள். சுவரில் தலை மோதியதை, விழுந்தவளின் வயிற்றில் உதைத்ததை, தரையில் தெறித்த பல்லைச் சொன்னாள். ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள்.

வலிக்கவில்லை. எங்கோ வயலின் இசைத்தது. கண்ணைத் திறந்தால், திரையில் அம்மா ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் காலில் விழுந்துகொண்டிருந்தாள். நிறைமதி அப்படிச் சொல்லவே இல்லை. கீழே எழுத்து ஓடியது: 'குடும்பக் காட்சி. வன்முறை: சுழியம்.'

"பட்டை ரிப்பேரா சார்?"

பரிதிமாறன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இல்லம்மா. பூமியிலேர்ந்து வந்த பழைய படங்களப் பாத்துதான் இது கத்துக்கிச்சு. அதுல புருஷன் பொண்டாட்டிய அறைஞ்சா அடுத்தது பாட்டு. தியேட்டர்ல விசிலடிச்ச சத்தத்தையும் சேத்துக் குடுத்திருக்காங்க. இதுக்கு அது அடியே இல்ல."

நிறைமதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பொறியைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா திருப்பி ஒரு அறை விடுறாங்க. ஒரே ஒரு அறை!"

திரையில் அம்மாவின் கை உயர்ந்தது. அடுத்த கணம் நிறைமதி தூக்கியெறியப்பட்டுச் சுவரில் மோதி விழுந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. பொறி அப்படியொரு காட்சியைப் பார்த்ததே அபூர்வம். எவ்வளவு வலி என்று தெரியாமல் மொத்தத்தையும் அவள் கழுத்தில் இறக்கிவிட்டது. சிவப்பு விளக்கு சுழன்றது. 'வன்முறை: உச்சம்.' சங்கு ஊதியது.

"ஐயோ, அது பொய்! அம்மா அடிக்கவே இல்ல! சார், அழிக்கச் சொல்லுங்க சார்!"

பரிதிமாறன் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தார். அதற்குள் காவல் வண்டி நிறைமதியின் வீட்டை நோக்கிக் கிளம்பிவிட்டது, அம்மாவைப் பிடிக்க.

அன்று அவள் சொன்ன கதையில் அந்த ஓர் அறை மட்டும்தான் கற்பனை.