ஏழாவது வளையம்

காலை எட்டேகாலுக்குக் கல்லூரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே பேனர்க்காரர் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். ‘சோதனைசார் இயந்திரவியல் தேசியக் கருத்தரங்கு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வேதனைசார்’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. “தூரத்துல இருந்து பாத்தா தெரியாது மேடம்,” என்று சொல்லிக்கொண்டே அதைக் கட்டியும் முடித்துவிட்டார்.

நான் இந்துமதி. ஊர் ஸ்ரீவைகுண்டம், பிழைப்பு தூத்துக்குடி. இயந்திரவியல் துறையில் உதவிப் பேராசிரியை. அன்றைய கருத்தரங்குக்கு ஒருங்கிணைப்பாளர் என்று போட்டிருந்தார்கள். அதாவது சாப்பாட்டு டோக்கனிலிருந்து கழிவறைச் சாவிவரை என் தலையில். மாலையும் பொன்னாடையும் துறைத்தலைவர் ஆறுமுகநயினாருக்கு.

பதினொன்றரைக்கு என் கட்டுரை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கும்போது கம்பிக்கயிற்றையும் சுமையையும் இணைக்கும் இரும்பு வளையங்களின் வலிமை பற்றியது. சும்மா வாசித்தால் போதாது, வந்தவர்கள் கண்ணெதிரே ஒரு வளையத்தை இழுத்து உடைத்துக்காட்ட வேண்டும் என்று தலைவருக்கு முந்தாநாள் ஆசை வந்துவிட்டது. பெரியவர்களுக்கு ஆசை வந்தால் சின்னவர்களுக்குத் தூக்கம் போகும்.

எங்கள் பரிசோதனைக்கூடம் வளாகத்தின் கடைசிக் கட்டடம். முன்னொரு காலத்தில் உப்புக் கிடங்காக இருந்தது. உப்புக்காற்று இயந்திரத்தைத் தின்றுவிடும் என்று ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே விளக்கைப் போட்டால்தான் கை தெரியும். கதவைத் திறந்ததும் எப்போதும் எண்ணெய் வாடை வரும். அன்றைக்கு வேறு வாடை வந்தது. கரித்தூளும் ஈரச்சாக்கும் ஆள் வியர்வையும் கலந்த வாடை.

“எலி செத்துக் கெடக்கா அண்ணாச்சி?” என்றேன்.

பால்துரை மூக்கை உறிஞ்சினார். கூடத்தின் உதவியாளர், வயது ஐம்பது. இங்கே வருவதற்கு முன்னால் துறைமுகத்தில் சரக்கிறக்கும் வேலையில் இருந்தவர்.

“இது எலி இல்ல மேடம். கப்பல்தட்டு வாடைல்லா அடிக்கி.”

அதை ஆராய எனக்கு நேரமில்லை. இயந்திரத்தின் இரண்டு கொக்கிகளுக்கும் நடுவே வளையத்தை மாட்டச் சொன்னேன். அந்த இயந்திரம் எளிமையானது. வலது சக்கரத்தைத் திருகினால் எண்ணெய் ஏறிச் சுமையை ஏற்றும். இடது சக்கரத்தைத் திருகினால் சுமை இறங்கும். எத்தனை டன் என்று வட்ட முகப்பில் முள் காட்டும். நல்ல வளையம் இருபத்தெட்டு டன்வரை தாங்கும்.

பால்துரை மோட்டாரைப் போட்டு வலது சக்கரத்தைத் திருகினார். முள் ஐந்துக்கு ஏறியது. எட்டு. பத்து. பதினொன்றில் நின்றது. பிறகு அவசரமில்லாமல் இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

“இடது சக்கரத்தத் தொட்டீங்களா?”

“நான் எங்க தொட்டேன்? கையக் கட்டிக்கிட்டுல்லா நிக்கேன்.”

மறுபடி ஏற்றினோம். மறுபடி பதினொன்று. மறுபடி பூஜ்யம். அது இறங்கும்போது எங்கிருந்தோ ஒரு கட்டைக்குரல் தேய்ந்து கேட்டது. ‘அறியா… அறியா…’ கருத்தரங்கக் கூடத்தில் யாரோ மைக்கைச் சோதிக்கிறார்கள் போலும், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு வந்த பிள்ளைகள் ஏதோ செய்யுளை ஒப்பிக்கிறார்கள் போலும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இயந்திரக் கம்பெனியின் பழுதுபார்ப்பவருக்குப் போன் போட்டேன். “எண்ணெய் கசியுது மேடம். செவ்வாய்க்கிழமை வர்றேன்,” என்றார். கருத்தரங்கு இன்றைக்கு என்று கத்தினேன். “அப்ப அவசரமில்லையே, புதன்கிழமை வர்றேன்,” என்றார். போனைச் சுவரில் அடிக்கலாம் என்று இருந்தது.

மூன்றாம் முறை பதினொன்றில் முள் நின்றதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். சத்தம் அடங்கியது. முள் பதினொன்றிலேயே நின்றது.

கூடம் அமைதியானது.

அப்போது இடது சக்கரம் திரும்பியது.

கால் சுற்று. நின்றது. இன்னொரு கால் சுற்று.

யாரும் அதன் பக்கத்தில் இல்லை.

“அரியா…”

குரல் மைக்கிலிருந்து வரவில்லை. கொக்கிகளுக்குக் கீழே, ஆள் நிற்கும் உயரத்திலிருந்து வந்தது.

பால்துரை என் முழங்கையைப் பிடித்துக் கதவுப்பக்கம் இழுத்தார். மேடத்தின் கையைத் தொடுகிற மனிதர் இல்லை அவர்.

“என்னமோ அறியா, அறியாங்குதே அண்ணாச்சி,” என்று முணுமுணுத்தேன்.

“அறியா இல்ல மேடம், அரியா. கப்பல்ல சாமான் எறக்கும்போது கீழ நிக்கவன் குடுக்க சத்தம். அரியான்னா எறக்குன்னு அர்த்தம். அந்தக் காலத்துப் பறங்கியன் சொல்லும்பாவ.” அவர் பார்வை கொக்கிகளை விட்டு நகரவில்லை. “அது தங்கப்பாண்டி கொரலு. அவன்கூட எட்டு வருசம் நின்னுருக்கேன். ஆயிரம் பேரு கத்துனாலும் எனக்குத் தெரியும்.”

தங்கப்பாண்டி என்ற பெயர் எனக்கும் தெரியும். என்னிடமிருந்த கோப்பின் முதல் பக்கத்திலேயே அந்தப் பெயர் இருந்தது.

போன ஆடி மாதம் துறைமுகத்தில் ஒரு வளையம் தெறித்துச் சரக்கு விழுந்ததில் செத்துப்போனவர். கீழே நின்று கிரேனுக்குச் சத்தம் கொடுப்பது அவர் வேலை. கிரேன் ஓட்டியவர் வெளியூர்க்காரர், வேலைக்கு வந்து பத்து நாள். ‘அவரு ஏத்துயான்னு கத்தினாரு, நான் ஏத்தினேன்,’ என்று விசாரணையில் சொல்லியிருந்தார். கப்பல் இரைச்சலில் ‘அரியா’ என்பது அவர் காதில் ‘ஏத்துயா’ என்று விழுந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே அது செய்யுளாகத்தானே விழுந்தது! தப்பு செத்தவர்மேல் போயிற்று. செத்தவர் வந்து மறுத்துப் பேசவா போகிறார்?

வளையத்தில் குறை உண்டா என்று பார்க்கும் வேலை எங்களிடம் வந்தது. அதே வகையில் நாற்பது வளையங்கள் வாங்கியிருந்தார்கள். உடைந்தது போக மீதியிலிருந்து ஏழு வளையங்களை அனுப்பினார்கள். ஏழு வளையங்களையும் நான்தான் இழுத்தேன். ஆறு வளையங்கள் இருபத்தெட்டைத் தாண்டின.

ஏழாவது பதினொன்றில் உடைந்தது.

தலைவரிடம் ஓடினேன். “கொக்கி வழுக்கியிருக்கும். அதை விட்டுடுங்க. கிராஃப் அழகா வரும்,” என்றார். கொக்கி வழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கையாலேயே ‘ஏழாவது சோதனை செல்லாது’ என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வளையங்கள் நல்லவை என்று சான்றிதழ் போயிற்று. மிச்சமிருந்த முப்பத்திரண்டு வளையங்களும் மறுநாளே கப்பலுக்குத் திரும்பிப் போயின. அவற்றுக்குக் கீழே தினமும் ஆட்கள் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் பால்துரையிடம் அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப அவன் சரியாத்தான் சொல்லிருக்கான்,” என்றார். அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு முப்பது பேர் கூடத்துக்குள் வந்து இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். நாகர்கோவிலிலிருந்து அமர்வுத் தலைவராக வந்திருந்த பேராசிரியை விஜிலா முன்னால் நின்றார். வேண்டாம், பழுதாக இருக்கிறது என்று ஆறுமுகநயினாரிடம் நான்கு முறை சொன்னேன். “ஊர் கூடின பிறகு தேர நிறுத்தச் சொல்லுதீங்களே,” என்று பல்லைக் கடித்தார்.

பிளக்கை மறுபடி மாட்டியதும் மோட்டார் ஓடியது. முள் பதினொன்றில் நின்றது. இறங்கியது.

“அரியா…”

கூட்டத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “யாரது இங்க ரியா? உங்களைக் கூப்பிடுறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் என் காதருகே குனிந்தார். “மானத்த வாங்காதீங்க. இடது சக்கரத்த இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏத்துங்க.”

பிடித்தேன். என் இரண்டு கையாலும் முழு பலத்தோடு பிடித்தேன். பால்துரை வலதைத் திருகினார். பத்து. பதினொன்று.

சக்கரம் என் பிடிக்குள் நகர்ந்தது.

என் புறங்கையின் மேல் இன்னொரு உள்ளங்கை இருந்தது.

காய்ப்பேறிய, ஈரமான உள்ளங்கை.

அது என்னை நெரிக்கவில்லை. என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பியது. நிதானமாக, தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. முள் இறங்கத் தொடங்கியது.

கையை உருவிக்கொண்டேன். பயத்தில் பேசினேனா, வெட்கத்தில் பேசினேனா என்று இன்றுவரை தெரியவில்லை. “ஏழாவது ஒன்று இருந்தது,” என்று உரக்கச் சொன்னேன். “நான் சோதித்தது ஆறு இல்லை, ஏழு. ஏழாவது பதினொரு டன்னில் உடைந்தது. நான் அதை மறைத்துவிட்டேன். அந்த வளையங்களைப் பயன்படுத்தக் கூடாது.”

பேராசிரியை விஜிலா தலையை ஆட்டினார். “நல்ல கவனிப்பு. எதிர்கால ஆய்வில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்,” என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள். தலைவர் முகமெல்லாம் சிரிப்பாக, “மேடம் மூணு நாளா தூங்கல. சாப்பாடு தயார், எல்லாரும் வாங்க,” என்றார்.

ஒருவரின் சாவை எதிர்கால ஆய்வாக்கிவிட்டுக் கூட்டம் பிரியாணி சாப்பிடப் போயிற்று. எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கெட்ட வார்த்தைதான் வந்தது.

நேராகச் சரக்கிறக்கும் கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கே பாதுகாப்பைப் பார்க்கிற பாண்டியராஜன் பொறுமையாகக் கேட்டார்.

“இன்னைக்கு உரக்கப்பல் நிக்குது மேடம். உங்க சான்றிதழ்தான எங்க கையில இருக்கு? அது தப்புன்னு துறைத்தலைவர் கையெழுத்தும் சீலும் போட்டு ஒரு லெட்டர் அனுப்புங்க. உடனே நிறுத்திடுதோம். வாய்வார்த்தைக்குக் கப்பல நிறுத்தினா எனக்கு வேல போயிரும்.”

அவர் சொன்னதும் நியாயம்தான். கடிதத்தை இருபது நிமிடத்தில் அடித்து எடுத்துக்கொண்டு தலைவரைத் தேடினேன். மேடையில் இருந்தார். இறங்கியதும் நீட்டினேன். நிறைவு விழா முடியட்டும் என்றார். நிறைவு விழாவில் எல்லோருக்கும் நினைவுப்பரிசு கொடுத்தார்கள். பிறகு குழுப்படம். பிறகு கண்ணை மூடியவர்களுக்காக இன்னொரு குழுப்படம். நான் கடிதத்தை விசிறிபோல மடித்துப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தேன். “பிரின்சிபாலக் கேக்காம முடியாது,” என்றார். பிரின்சிபாலைக் கேட்டேன். அவர் தலைவரைக் கேட்கச் சொன்னார். கடைசியில், கையெழுத்துப் போடாவிட்டால் கலெக்டர் அலுவலகத்துக்கு நானே போவேன் என்று வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழக் கத்தினேன். பேனாவைப் பிடுங்கிக் கிறுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

மணி நாலு இருபது. துறையின் முத்திரை பரிசோதனைக்கூடத்து மேசையில் இருந்தது. ஓடினேன்.

பால்துரை கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. இரண்டு கையாலும் வாசலை மறித்தார்.

“உள்ள போகாதீங்க மேடம்.”

“சீல் குத்தணும் அண்ணாச்சி. குத்திட்டா நிறுத்திருவாங்க.”

அவரை விலக்கிக்கொண்டு கதவைத் தள்ளினேன். கரித்தூளும் ஈரச்சாக்கும் முகத்தில் அறைந்தன. அதற்கு மேலே ஒரு புதிய வாடை, உர மூட்டை வாடை. பால்துரை மறுபடி பிடுங்கிப் போட்ட பிளக் தரையில் கிடந்தது. இயந்திரத்தில் வளையம் எதுவும் மாட்டப்படவில்லை. இடது சக்கரம் மட்டும் திரும்பியபடி இருந்தது, கடைசிவரை திருகிய பிறகும் நிற்காமல்.

“அரியா… அரியா…”

அந்தக் கட்டைக்குரல். காலையில் இருந்த நிதானம் அதில் இல்லை.

முத்திரையை எடுத்தேன். மையில் அழுத்தினேன். கடிதத்தில் குத்தினேன். அவசரத்தில் பாதிதான் விழுந்தது. மறுபடி அழுத்தினேன்.

“அரியா…”

அதற்கு அரை மூச்சு பின்னால் இன்னொரு குரல் கேட்டது.

“அ… ரியா…”

மெல்லிய குரல். அந்தச் சொல்லை இன்றைக்குத்தான் சொல்லக் கற்றுக்கொண்டவனைப்போலத் தடுமாறியது.

நான் கடிதத்தோடு திரும்பினேன். பால்துரை கதவைப் பிடித்துக்கொண்டு கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன். முதலில் ஒன்று, பின்னால் இன்னொன்று. இரண்டும் விடாமல் இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தன.

“இது யாரு அண்ணாச்சி?”

அவர் காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு முறை கேட்டார்.

“தெரியல மேடம்,” என்றார். “புது ஆளு.”