மாப்பிள்ளையின் பயம்

கொளஞ்சி நாற்காலியில் சாய்ந்து ரஸ்க்கைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தபோது, மலைக்கு அந்தப்புறம் ஒரு சிப்பாய்க்கு வர வேண்டிய மரண பயம் அவனுக்கு வந்தது. வயிறு சுருண்டது. தொடை நடுங்கியது. "இது என் பயம் இல்லை" என்று மூன்று முறை முணுமுணுத்தான். அதற்குள் ரஸ்க் ஊறி உடைந்து தேநீரில் விழுந்துவிட்டது. அதுதான் அவனுக்கு வருத்தம்.

அந்தப் பாலைவன ராணுவ முகாமுக்குச் சமைக்கவும் துவைக்கவும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தது பழைய கதை. இப்போது பயப்படவும் ஆள் எடுத்தார்கள். சிப்பாயின் தலைக்கவசத்தில் இருக்கும் அச்சமாற்றி, அவன் மூளையில் பயம் முளைக்கும்போதே அதை உறிஞ்சி, முகாமின் சுமப்பறையில் தொப்பி மாட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு அனுப்பிவிடும். பயத்தை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்று விஞ்ஞானிகள் கைவிரித்துவிட்டார்கள். அப்படி மாற்றிவைக்க விருத்தாசலம் பக்கம் ஆளுக்கா பஞ்சம்? சுமப்பாளர்கள் தங்கள் சிப்பாயை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவனுக்காக நடுங்குவது இவர்கள் பொறுப்பு. அந்த நடுக்கத்தில்தான் கொளஞ்சியின் ஓட்டு வீடு தளம் போட்ட வீடானது, மகள் செவ்வந்தி ப்ளஸ் டூ வரை படித்தாள்.

வேலைக்கு ஒரே விதி, எழுந்து ஓடக் கூடாது. தொப்பி கழன்றால் பயம் அப்படியே சிப்பாய்க்குத் திரும்பிவிடும். ஓடாமல் உட்கார்ந்திருக்கத்தான் அந்த மூன்று முறை முணுமுணுப்பு. முதல் மாதம் கொளஞ்சி அழுதான், வாந்தி எடுத்தான். மூன்றாவது வருடத்தில் எல்லாம் மரத்துப்போனது. சிப்பாயோடு இணைப்பு இருந்தால் எதிர்ச்சுவரில் அவரவருக்கான சிவப்பு விளக்கு எரியும். அதை இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. போன கோடையில் சாப்பாட்டுக் கூடம் தீப்பிடித்தபோது, சுமப்பாளர்கள் மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்.

ரஸ்க் விழுந்ததற்கு அடுத்த வாரம் ஒரு பிற்பகல், ஊரிலிருந்து மனைவி தனக்கொடி போனில் கூப்பிட்டாள். சுமப்பறையில் போனுக்குத் தடையில்லை. பேசிக்கொண்டே பயப்படலாம்.

"ஏங்க, இங்கயும் வந்துட்டாங்க. ரைஸ்மில்லு குடோன்ல நாற்காலி போட்டு தொப்பி மாட்டி விடறாங்க. வெளிநாடே போவ வேணாமாம். சின்ன வயசுப் புள்ளைங்கதான் வேணுமாம், ரொம்ப நேரம் தாங்குமாம்."

"யாரு போறா?"

"செவ்வந்திதான். படிச்சி முடிச்சிட்டு வீட்லதான இருக்கா. நாளைக்குக் காலையில போயி ஒக்காரணும். எனக்கு ஒண்ணும் புரியல. அந்த வேல ஒங்களுக்குத்தான தெரியும். நீங்க வேணாம்னா வேணாம்."

மகளை அந்தத் தொப்பியோடு நினைத்துப் பார்த்தான். அப்போது வந்தது. அடிவயிற்றைக் கலக்கியது, உள்ளங்கை வேர்த்தது, தொண்டை அடைத்தது. இவ்வளவு பெரியது சமீபத்தில் வந்ததில்லை. மாப்பிள்ளை இன்று வசமாக மாட்டிக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்தான். கண்ணை மூடி மூன்று முறை சொன்னான். போய்விட்டது. மனம் கழுவிவிட்ட தரை மாதிரி ஆனது.

"என்னாங்க, பேச்சையே காணும்?"

"ஒண்ணுமில்ல. போவட்டும். பழகிடும்."

மறுநாள் காலை அவன் சுமப்பறைக்குள் நுழைந்தபோது சூப்பர்வைசர் ஞானதுரை சிரித்தார்.

"நேத்து மத்தியானம் எதுக்கு இங்க உக்காந்திருந்தீங்க கொளஞ்சி? ஒங்க மாப்பிள்ளை காலையிலேயே லீவுல ஊருக்குப் போயிட்டாரே. விளக்கு அணைஞ்சிருந்தத பாக்கலியா?"

கொளஞ்சி விளக்கைப் பார்த்தான். இன்றும் அணைந்துதான் இருந்தது. அப்படியானால் நேற்று வந்தது அவனுடைய பயம். மூன்று வருடத்தில் மகளுக்காக வந்தது அது ஒன்றுதான். மகளை அனுப்பாதே என்று சொல்ல வந்ததை அவனே விரட்டிவிட்டிருந்தான். உட்கார்ந்து மறுபடி நினைத்துப் பார்த்தான், செவ்வந்தியை, தொப்பியை, அவள் வாந்தி எடுப்பதை. ஒன்றும் வரவில்லை. வயிறு சும்மா கிடந்தது. பயப்பட வேண்டிய விஷயம் என்று அறிவுக்கு மட்டும் தெரிந்தது. அது போதும் என்று போனை எடுத்தான்.

செவ்வந்தியே பேசினாள். பின்னால் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"குடோனுக்கு வந்துட்டேம்பா. எனக்கு முன்னால ரெண்டு பேரு இருக்காங்க."

"தொப்பி மாட்டியாச்சா?"

"இன்னும் இல்லப்பா." குரல் இறங்கியது. "ஆனா, பயமா இருக்குப்பா."

வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தான். ஆனால் பயம் என்ற சொல்லைக் கேட்டால் அவன் வாய்க்கு இப்போது ஒரே பதில்தான் தெரியும்.

"அது ஒன் பயம் இல்லம்மா," என்றான். "மூணு தடவ சொல்லு. போயிடும்."

அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை. அவள் சொல்ல ஆரம்பித்தாள்.