மெழுகு காயும் வரை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புருஷனும் பெண்சாதியும் படகுகளை நிறுத்திவைக்கும் முற்றத்துக்குள் காரை விட்டார்கள். டிக்கியில் இரண்டு வாளி, நாலு பிரஷ், ஒரு மூட்டை பழந்துணி, புதிதாக வாங்கிய மெழுகு டப்பா. படகு கழுவுவது இருவருக்கும் அதுதான் முதல் தடவை. கழுவப்போன படகும் புதுசு இல்லை, இரண்டு கை மாறி வந்தது.

பெண்சாதி சலவைக்கடைக்காரி. இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் அழுக்கைப் பார்த்தே பிழைத்தவள். காலரை ஒரு தடவை முகர்ந்தால் போதும், சட்டையை எத்தனை நாள் போட்டார்கள், எதை மறைக்கப் போட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் புருஷன் அவளைச் சி.ஐ.டி. என்று கூப்பிடுவார். அவளும் அதற்குக் கோபப்படுவதில்லை, உள்ளூரப் பெருமைதான்.

புருஷன் முப்பது வருஷம் ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எட்டு மாதம் ஒரு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடுறீங்களா என்றால் "ம்". தூங்கலையா என்றால் "ம்". மனிதர் தேறமாட்டார் என்று அவள் தனியாக அழுதிருக்கிறாள். போன மாதம் இந்தப் படகைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் அவர் முகத்தில் மறுபடி சிரிப்பு வந்தது.

அதில்தான் வில்லங்கம். அன்றிலிருந்து சாயந்திரம் ஆனால் "பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். இரண்டு மணி நேரம் கழித்து, யாரோடோ வயிறு குலுங்கப் பேசிவிட்டு வந்தவர் போலத் திரும்புவார். ஒற்றைப் படகை ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் பார்ப்பான்? அங்கே யார் இருக்கிறார்கள்? கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் அந்தச் சிரிப்பு போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். நாளைக்குக் காலையில் அவர் முதல் முறையாகப் படகைத் தண்ணீரில் இறக்கப் போகிறார். தனியாக. அவளுக்குத் தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும்.

படகு கடைசி வரிசையில், சுவரோரமாக, டிரெய்லர் மேல் நின்றது. தலைக்குமேல் தார்ப்பாய். மற்ற படகுகள் தோளோடு தோள் உரச நின்றன. இதற்கு மட்டும் இரண்டு பக்கமும் இடம் விட்டிருந்தார்கள்.

விற்றுக்கொடுத்த தரகர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"கழுவவா வந்திருக்கீங்க? எதுக்குங்க வீண் சிரமம். மேலாப்புல ரெண்டு வாளி தண்ணிய ஊத்திட்டு அப்படியே இறக்கிடுங்க. உள்ள எதையும் தொட வேண்டாம்."

"ஏன் தொட வேண்டாம்?" என்றாள் சி.ஐ.டி.

"சும்மா சொன்னேம்மா. உங்க இஷ்டம்."

சொல்லும்போது அவர் அவளையும் பார்க்கவில்லை, படகையும் பார்க்கவில்லை. சும்மா சொன்னேன் என்பவன் எவனும் சும்மா சொன்னதில்லை. அவள் அதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. படகின் அடியில் இருந்த வடிகால் திருகைக் கழற்றினார்கள். கறுப்பாகத் தண்ணீர் ஒழுகி ஓடியது. புருஷன் படகின் வயிற்றுப் பக்கத்தில் இருந்து தேய்க்க ஆரம்பித்தார். "மேல் மாடியைக் கழுவாம யாராவது கீழ்ப்படியைக் கழுவுவாங்களா? அழுக்கு எல்லாம் மறுபடி அங்கதானே வந்து நிக்கும்" என்று அவள் பிரஷ்ஷைப் பிடுங்கினாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவள் பத்துப் படகு கழுவுவாள்.

பிறகு கேபின் கதவைத் திறந்தாள்.

குனிந்துதான் போக வேண்டும். ஆள் படுக்கும் நீளத்துக்கு எதிரெதிரே இரண்டு பெஞ்சு, ஒரு வட்ட ஜன்னல், மூலையில் சின்ன அலமாரி. வெளியே வெயில் அடித்தும் உள்ளே சாயங்கால வெளிச்சம்தான். பூஞ்சை வாடை வந்தது. டீசல் வாடை வந்தது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது.

நேற்றுப் போட்டுக் கழற்றிய சட்டையின் வாடை.

புருஷனுடையது இல்லை. அவர் வியர்வை அவளுக்குத் தெரியாதா? இது வேறு ஆள். ஆம்பளை வாடைதான், அந்த மட்டுக்கும் நிம்மதி என்று நினைத்தவளுக்கு அடுத்த நொடியே நிம்மதி போயிற்று. இடது பெஞ்சு மெத்தையைத் தொட்டாள். நடுவில் ஈரம். வலது மெத்தை காய்ந்து கிடந்தது.

ஜன்னலைத் தட்டி, "ஏங்க, சாயந்திரம் வந்தா எந்தப் பக்கம் உட்காருவீங்க?" என்றாள்.

"வலது பக்கம். ஏன்?"

"இடது பக்கம் யாரு?"

வெளியே பிரஷ் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "அங்க யாரு இருக்கப்போறா?"

அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தரகர் ராத்திரியில் வந்து படுக்கிறாரோ? இல்லை, வீடு வாசல் இல்லாத எவனோ ஒருவனுக்கு இவரே இடம் கொடுத்திருக்கிறாரோ? மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டாள். இரண்டு மணி நேரத்தில் மொறுமொறு என்று காய்ந்தது. உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மனிதருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. படகின் இரண்டு பக்கமும் மெழுகு பூசித் துடைத்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிவிட்டார். டப்பாவில் மிச்சம் இருந்தது. உள்ளே தூசி போகாமல் கேபின் கதவைச் சாத்திவிட்டு, ஆர்வக்கோளாறில் அந்த வாசலில் ஆரம்பித்து, பின்னால் ஏணி வரைக்கும் தரைக்கும் பூசிவிட்டார். படகு தெரிந்தவன் எவனும் கால் வைக்கிற இடத்தில் மெழுகு போடமாட்டான்; வழுக்கித் தண்ணீருக்குள் விழ வேண்டியதுதான். இவர்களுக்கு அது தெரியாது.

"உள்ளயே இரு. தரை பூராவும் மெழுகு. அரை மணி நேரம் காயணும், வெளிய கால் வெச்சுடாதே" என்று ஏணியில் நின்று குரல் கொடுத்தார். அவர் இறங்கும் சத்தம் கேட்டது.

அவள் மண்டி போட்டு, தலையை அலமாரிக்குள் விட்டு, பழைய பல்துலக்கியால் மூலை முடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முற்றம் அமைதியாக இருந்தது. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

படகு லேசாகச் சாய்ந்தது.

ஏணிப் பக்கம் யாராவது ஏறினால் டிரெய்லர் அப்படித்தான் சாயும். அதற்குள் அரை மணி ஆகிவிட்டதா என்று நினைத்தாள். ஒரு காலடி. இன்னொன்று. அவசரம் இல்லாத நடை. கதவு திறந்தது, வெளிச்சம் வந்தது, போனது. அவள் முதுகுக்குப் பின்னால் இடது பெஞ்சு கிறீச்சிட்டது.

"காஞ்சிடுச்சா?" என்றாள், தலையை எடுக்காமல்.

"ம்."

எட்டு மாதம் கேட்ட "ம்" தானே. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. முகம் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லலாம் என்று மட்டும் தோன்றியது.

"ஒண்ணு சொல்றேன், கிண்டல் பண்ணாம கேளுங்க. அந்த எட்டு மாசம் நான் செத்துச் செத்துப் பிழைச்சேன். இந்தப் படகுதான் உங்கள எனக்குத் திருப்பிக் குடுத்துச்சு. அதான் எதுவும் கேக்காம இருக்கேன். ஆனா நாளைக்குத் தனியா போகாதீங்க. யாராவது கூட இருக்கணும்."

"நான் இருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க இருப்பீங்க, சரி. கூட யாரு?"



சொட்டு. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

அவள் அந்தத் தரையைச் சற்று முன்தான் துடைத்திருந்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் அவள் காதில் உறைத்தது. கரகரப்பு. தொண்டை நிறையத் தண்ணீர் குடித்தவன் பேசுகிற பேச்சு. சட்டை வாடை மூக்குக்கு வெகு பக்கத்தில் இருந்தது. தலையை வெளியே எடுத்தாள்.

இடது பெஞ்சில் யாரும் இல்லை. காய்ந்து மொறுமொறுத்த மெத்தையில், ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம் இருந்தது.

கதவைத் தள்ளினாள். "ஏங்க…"

புருஷன் நாற்பதடி தள்ளி, குழாயடியில், தரகரோடு பேசிக்கொண்டே துணி பிழிந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு, "உள்ளயே இருன்னு சொன்னேனே. இப்பதான் பத்து நிமிஷம் ஆகுது" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

காய்கிற மெழுகு வெள்ளைப் படலமாகப் பூத்து நின்றது. அதில் ஏணியில் இருந்து கேபின் வாசல் வரைக்கும் வெறுங்கால் தடம். ஐந்து விரலும் தெளிவாக, ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் தேங்கி.

எல்லாத் தடமும் உள்ளே வந்திருந்தது. ஒன்றுகூட வெளியே போகவில்லை.

இருவரும் ஓடிவந்தார்கள். தரகர் ஏணியில் இரண்டு படி ஏறி, "தரைக்குப் போய் யாராவது மெழுகு…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொப்பியை மார்போடு அழுத்திக்கொண்டார்.

"இது யாரு?" என்றாள் அவள்.

"முதல்ல வெச்சிருந்தவரும்மா. ஒண்டிக்கட்டை. தினமும் வந்து யாராவது கூட வரீங்களா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு கேப்பாரு. எங்களுக்கு எங்க நேரம்? ஒரு நாள் தனியாவே போனாரு. படகு மட்டும் திரும்பி வந்துச்சு."

"அப்புறம்?"

"அடுத்து வாங்கினவரு பொண்டாட்டிய இழந்தவரு. சாயந்திரம் ஆனா வந்து உள்ள உட்கார்ந்துப்பாரு. போகும்போது சிரிச்சுட்டே போவாரு. ஒரு நாள் அவரும் தனியா போனாரு." தரகர் படகைப் பார்க்காமல் சொன்னார். "படகு மட்டும் வந்துச்சும்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். "சாயந்திரம் இங்க யார்கூடப் பேசிட்டிருந்தீங்க?"

ஏணிக்குக் கீழே நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். "யார்கூடவும் இல்ல. நான்பாட்டுக்குப் பேசுவேன். கேக்கறதுக்கு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். முப்பது வருஷம் பக்கத்து சீட்டுல ஓர் ஆளோடயே ஓட்டினவன் நான். வீட்டுல அந்த இடம் காலியாவே இருந்துச்சு. இங்க வந்தா அப்படித் தெரியல."

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த இருட்டைத் திரும்பிப் பார்க்காமல், வழுக்கும் மெழுகில் தட்டுத்தடுமாறி, அந்தத் தடங்களை மிதிக்காமல் ஏணி வரைக்கும் வந்தாள். அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சிரிக்கணுங்க. ஆனா உயிரோட சிரிக்கணும். இந்தப் படகு நமக்கு வேண்டாம்."

அவர் படகையே வெகுநேரம் பார்த்தார். முற்றத்தில் காற்று இல்லை. கேபின் கதவு மட்டும் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடிக்கொண்டது. கடைசியில் தலையாட்டினார். "இங்கயே கிடக்கட்டும் சார், நான் பார்த்துக்கறேன்" என்று தரகர் மறுபேச்சுப் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டார்.

வாளியையும் துணியையும் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். வெயில் இன்னும் சாயவில்லை. அவர் வண்டியை எடுத்தார், அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பக்கக் கண்ணாடியில் அந்தப் படகு சிறிதாகிக்கொண்டே போனது. சனியன் அதோடு தொலையட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமையில இருந்து கடைக்கு வாங்க. துணி கொண்டுபோற வேனுக்கு டிரைவர் இல்ல. பக்கத்து சீட்டுல நான் உட்கார்ந்துக்கறேன்."

"சி.ஐ.டி.யை வெச்சுக்கிட்டு எந்த டிரைவரு நிம்மதியா ஓட்டுவான்?" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். படகு தந்த சிரிப்பு இல்லை, பழைய சிரிப்பு, அவளுக்காகச் சிரித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முற்றத்து வாசலைத் தாண்டும்போது டாஷ்போர்டில் மணி அடித்தது. சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"பின் சீட்டுல எதையாவது வெச்சிருக்கியா? பெல்ட் போடலன்னு காட்டுது."

"இல்லையே. எல்லாம் டிக்கியில."

மணி நிற்கவில்லை. வண்டி வேகம் எடுக்க எடுக்க அதுவும் விடாமல் அடித்தது. அவர் கை ஸ்டீரிங்கில் இறுகியது. அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் முன்னால் இருந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைப் பார்க்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

பின் சீட்டில் பெல்ட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

'க்ளிக்' என்று மாட்டிக்கொண்டது. விளக்கு அணைந்தது. மணி நின்றுவிட்டது.