பொட்டு வைத்த பட்டாள ஜெனரேட்டர்

ஆஞ்சப்பன் டிராக்டரைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் நிறுத்தியபோது மதியச் சாப்பாட்டு நேரம்கூடத் தாண்டவில்லை. ஆனால் மழை மேகம் மாந்தோப்பின் மேல் அமுங்கி உட்கார்ந்திருந்ததில் விளக்கு வைக்கும் பொழுது போல இருட்டிக் கிடந்தது. விளக்கு வைக்கத்தான் கரண்ட் இல்லை. காலையில் அடித்த சூறைக்காற்றில் குருபரப்பள்ளிப் பக்கம் பாதிக் கம்பங்கள் சாய்ந்து, டிரான்ஸ்பார்மரும் வெடித்துவிட்டது. நாளைக்குத்தான் என்று லைன்மேன் கையை விரித்துவிட்டார். வாடகை ஜெனரேட்டர் கேட்டால் ஓசூர் வரைக்கும் ஒன்றும் காலியில்லை.

நிர்மலாவால் நாளை வரை பொறுக்க முடியாது. அந்த ஷெட்டில் அவள் வாடகைக்கு நடத்தும் பொரிப்பகத்து இன்குபேட்டரில் நாட்டுக்கோழி முட்டைகள் ஓடு கொத்தத் தொடங்கிவிட்டன. கதவில் காதை வைத்தால் கீச்கீச்சென்று கேட்டது. சூடும் காற்றும் இல்லாமல் போனால் பொழுது சாய்வதற்குள் அந்தச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிவிடும். இது அவளுடைய முதல் ஈடு. சுற்றுப்பட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுக் கோழியை அடை வைக்காமல், அவளை நம்பிக் கொடுத்த முட்டைகள். 'கூலிக்காரன் மகளுக்குப் பொரிப்பகம் ஒரு கேடா' என்று பேசிய ஊர் அது. இந்த ஈடு செத்தால் அடுத்த ஈட்டுக்கு ஒரு முட்டை வராது, சிரிப்பு மட்டும்தான் வரும்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஷெட்டின் பின்னறையில் நின்ற பட்டாள ஜெனரேட்டர்.

ஷெட்டின் சொந்தக்காரர் தீர்த்தகிரி அங்கே ரோஜா வளர்த்த காலத்தில், ராணுவம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து வந்தது. பொட்டு வைத்து நிறுத்தி, வெகுநாள் கழித்துத்தான் அவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். ஓடி, நின்றுவிட்டது. அப்புறம் தருமபுரியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அந்த ஆள் தன் ஸ்பேனர்களைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டான் என்று ஊரில் பேச்சு. அதற்குப் பிறகு அந்தக் கதவு வருஷத்துக்கு ஒருநாள் தவிரப் பூட்டியேதான் கிடந்தது. சாவியைக் கேட்டபோது தீர்த்தகிரி அதை இரண்டு விரலால் தூக்கிக் கொடுத்தார்.

"அது ஆவாதும்மா. சொன்னா கேளு. முட்டை போனா போவுது."

"உங்க முட்டை இல்லீங்களே சார்," என்றாள் நிர்மலா.

அவள் அப்பா கங்கப்பன் தீர்த்தகிரியைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். நிர்மலா, ஓசூர் என்ஜின் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்த காலத்தில், சார் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வந்து, இன்றுவரை அதை விடவில்லை.

கதவைத் திறந்ததும் பழைய டீசல் வாடை வந்து முகத்தில் ஒட்டியது. ஜன்னல் இல்லாத அறை. டார்ச் வெளிச்சத்தில் பச்சைப் பெயின்ட் உரிந்து நின்றது அந்த உருவம். டயர்கள் தரையோடு படிந்து போயிருந்தன. முகப்புத் தகட்டில் சந்தனப் பொட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக அப்பி, காய்ந்து வெடித்து, தகடே தெரியாத அளவுக்குத் தடித்திருந்தன.

டீசல் வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. நனைந்த கித்தான். புதிதாகப் போட்ட பூட் பாலிஷ்.

வாடைக்கெல்லாம் நின்றால் குஞ்சு பொரியாது. நிர்மலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். டேங்கில் கஷாயம் போலக் கிடந்த பழைய டீசலை இறக்கினாள். பில்டரை மாற்றினாள். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி ஊற வைத்தாள். வெகுகாலம் நின்ற என்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டரில் அடிக்கக் கூடாது, முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கூட வந்திருந்த கங்கப்பன் சுற்றுக் கம்பியை என்ஜின் முனையில் கோத்துச் சுற்றினார். உள்ளே இறுகிக் கிடந்தது மெல்ல இளகி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெருமூச்சு விட்டது.

"போதும்ப்பா."

கங்கப்பன் கம்பியை உருவிக்கொண்டு நிமிர்ந்தார்.

என்ஜினின் சக்கரம் இன்னொரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டு நின்றது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும்.

ஆஞ்சப்பன் டிராக்டர் பேட்டரிகள் இரண்டைச் சேர்த்து இணைத்தான். அவன் சூளகிரிப் பக்கத்து டிராக்டர் மெக்கானிக், கை சுத்தமான வேலைக்காரன், பேச்சு அதிகம். இன்று கை மட்டும்தான் ஓடியது. பம்ப்பின் திருகைத் தளர்த்தி, காற்றுக் குமிழி நிற்கும்வரை டீசலை அடித்துவிட்டு, மறுபடி இறுக்கினான். டீசல் குழாயில் ஒரு பித்தளை டேப் இருந்தது. அதன் கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் நின்றால் டீசல் போகும், குறுக்கே நின்றால் அடைப்பு. நிர்மலா அதை நீளவாக்கில் திருப்பிவிட்டுத் தலையாட்டினாள். ஆஞ்சப்பன் ஸ்டார்ட்டரை அழுத்தினான்.

என்ஜின் இருமியது, குலுங்கியது, கரும்புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. வோல்ட் மீட்டர் முள் மெதுவாக மேலே ஏறியது. நிர்மலாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, புகையால் என்று சொல்ல அவள் ஆளில்லை.

ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் ஓடியது. பிறகு விக்கி விக்கி நின்றது.

டார்ச்சை அடித்துப் பார்த்தாள். டேப் குறுக்கே நின்றது.

"அதிர்வுல திரும்பியிருக்கும்," என்றாள். மறுபடி திறந்தாள். மறுபடி ஓடியது. இந்தத் தடவை டார்ச்சை டேப்பின் மேலேயே வைத்திருந்தாள்.

யாரும் தொடாமல் கைப்பிடி நகர்ந்தது.

அதிர்வில் நகர்வது நடுங்கி நடுங்கி நகரும். இது நிதானமாக, வேலை தெரிந்த ஆள் மூடுவது போல, ஒரே சீராகத் திரும்பிக் குறுக்கே வந்து நின்றது. என்ஜின் செத்தது. அந்த நிசப்தத்தில், என்ஜினுக்கு அந்தப் பக்கம், சிமென்ட் தரையில் பூட்ஸ் குதிகால் ஒன்றோடொன்று தட்டிக்கொண்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

"வத்துக்கா," என்றான் ஆஞ்சப்பன். பயம் வந்தால் அவனுக்குத் தெலுங்குதான் வரும். "வத்து, வேணாம். உட்டுருங்க. போயிரலாம்."

"நீ வெளிய நில்லு ஆஞ்சப்பா. பேட்டரி மட்டும் இருக்கட்டும்."

அவன் வெளியே நிற்கவில்லை. டிராக்டரையும் விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தான்.

நிர்மலா இன்குபேட்டர் பக்கம் போய்க் காதை வைத்தாள். சத்தம் குறைந்திருந்தது. காலையில் சந்தைக்கடை போலக் கேட்டது, இப்போது அங்கொன்று இங்கொன்று. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்துக்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்துகொண்டது. உயிரோடு இருக்கிறவர்கள் மறித்ததெல்லாம் போதாது என்று செத்தவனும் வந்து மறிக்கிறானா?

திரும்பிப் போய் என்ஜின் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். டேப்பைத் திறந்து, கைப்பிடியை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஸ்டார்ட்டரை அழுத்துப்பா."

என்ஜின் எழுந்தது.

முதலில் சில்லென்றது. அப்புறம் விரல்கள். சுண்டுவிரல், அடுத்தது, அடுத்தது என்று ஒவ்வொன்றாக அவள் விரல்களின் மேல் வந்து படிந்தன. காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. டார்ச் வெளிச்சத்தில் அவள் கை மட்டும்தான் இருந்தது.

அந்தக் கை திருப்ப ஆரம்பித்தது.

"உடமாட்டேன்," என்றாள் நிர்மலா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ யாரா வேணா இரு. உடமாட்டேன்."

மணிக்கட்டு முறுகியது. வலி தோள்வரை ஏறியது. இடது கையையும் கொண்டுவந்து பிடித்தாள். முகத்துக்கு நேரே அந்தச் சந்தனத் தகடு அதிர்ந்துகொண்டிருந்தது. அதிர்வில் ஒரு பொருக்கு உதிர்ந்தது. அதற்கு அடியில் இன்னொரு பொட்டு. அதற்கும் அடியில் இன்னொன்று. எத்தனை வருஷத்துப் பொட்டு இது? அவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

தீர்த்தகிரி குடையோடு வாசலில் வந்து நின்றிருந்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

"சார், ஆயுத பூசைக்கு இதுக்கும் பொட்டு வெப்பீங்களா?"

"வெக்காம? வருசா வருசம் ஆளு உட்டு வெப்பேன். மோட்டார், டிராக்டர், எல்லாத்துக்கும்தான்."

"மறுநா?"

அவருக்குப் புரியவில்லை.

"பூசை போட்ட சாமானை மறுநா ஒரு தடவையாச்சும் எடுத்து வேலை செய்யணும் சார். சுத்தியலா இருந்தா ஒரு அடி, அருவாளா இருந்தா ஒரு வெட்டு. இதை எடுத்தீங்களா?"

"ஓடாத மிஷினை எப்டிம்மா எடுக்கறது? பூட்டிட்டு வந்துருவோம்."

கங்கப்பன் ஸ்டார்ட்டர் பக்கத்திலிருந்து நிமிர்ந்தார். சாமி என்று சொல்லாமல் அவர் பேசியதை நிர்மலா அன்றுதான் கேட்டாள்.

"உங்கப்பா காலத்துல விடியக்காலம் வான்னு சொல்லி உடுவாங்க. கொடுவாளும் கையுமா களத்துல போய் நிப்போம். வெயில் ஏறுனப்புறம் இன்னிக்கு வேலை இல்ல, போங்கடாம்பாங்க. அன்னிக்கெல்லாம் எனக்கு எப்டி இருக்கும் தெரியுமா? கூப்ட்டு நிறுத்தி வெச்சுட்டு வேலை குடுக்கலன்னா, செத்தவனுக்கும் கோவம் வரும்."

தீர்த்தகிரி குடையைத் தாழ்த்திக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

நிர்மலா அந்தத் தகட்டைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுவது போலப் பேசினாள்.

"இந்தா பாருங்க. உங்களைக் கூப்ட்டு நிறுத்தி வெச்சவங்க வேற. நான் வேலையோட வந்திருக்கேன். அந்தப் பக்கம் உசுருங்க இருக்குது. விடியற வரைக்கும் ஓடணும். கோவம் இருந்தா அப்புறம் வெச்சுக்கங்க. இப்ப வேலை."

அழுத்தம் நின்றது.

கை மட்டும் போகவில்லை. அவள் கையின் மேல் அப்படியே இருந்தது. இப்போது அது திருப்பவில்லை. அவளோடு சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது.

நிர்மலா விடியும்வரை அங்கிருந்து எழவில்லை. எழ முயன்றபோது அந்தக் கை விடவில்லை என்பதை அவள் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. கங்கப்பன் டீசல் ஊற்றினார், அவளுக்குச் சோற்றை உருட்டி ஊட்டினார், போய் இன்குபேட்டரில் காது வைத்துவிட்டு வந்து "இருக்குதும்மா" என்றார். ஒருமுறை, "காது கொள்ளாத சத்தம், அழுவுறாப்ல கத்துதுங்க" என்று சொல்லிச் சிரித்தார். வெளிச்சம் வந்தபோது அவள் விரல்கள் தானாகக் கழன்றன. மரத்துப்போன கையை உதறிக்கொண்டு அவள் இன்குபேட்டர் கதவைத் திறந்தாள். ஈரம் காயாத குஞ்சுகள் தட்டுத் தட்டாக முண்டியடித்துக்கொண்டிருந்தன. பொரியாதவை மிகச் சில.

மதியம் லைனில் கரண்ட் வந்தது. நிர்மலாவே டேப்பை மூடினாள். மறுப்பில்லாமல் திரும்பியது. ஆஞ்சப்பன் தம்பியை அனுப்பி டிராக்டரையும் பேட்டரிகளையும் எடுத்துவரச் செய்தான். வீணாக வேண்டாம் என்று கங்கப்பன் மிச்ச டீசலைச் சொட்டு விடாமல் கேனில் இறக்கி வைத்தார்.

தீர்த்தகிரி பழைய இரும்புக்காரனோடு வந்தார். ஜெனரேட்டரை வண்டி ஏற்றிவிட்டால் பீடை ஒழியும் என்றார்.

"ஷெட்டுக்கு வாடகை குடுக்கறது நானு. ஷெட்டுல இருக்கறதும் என் பொறுப்புதான் சார்," என்றாள் நிர்மலா. "எங்க ஆளை நாங்க அனுப்பறதா இல்ல."

இரும்புக்காரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு பகலில் அவள் குருபரப்பள்ளியில் குஞ்சுத் தீவன மூட்டையை மொபெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கடையின் மின்விசிறி நின்றது. ஏரியா முழுக்கக் கரண்ட் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னார். நிர்மலா அவசரமாகக் கயிற்றை இறுக்கும்போது போன் அடித்தது. கங்கப்பன்.

"ஷெட்டுல கரண்ட் இருக்குதும்மா," என்றார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. அதற்குப் பின்னால் என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. "பின்னறை பூட்டித்தான் இருக்குது. சாவி உங்கிட்ட."

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. பேட்டரி சூளகிரியில் இருந்தது. டீசல் கேனில் இருந்தது. அவளுக்குக் கை மயிர் சிலிர்த்து நின்றது. ஆனாலும் குரலை நடுங்க விடவில்லை.

"பயப்படாதப்பா. கதவைத் தொறக்க வேணாம். வெளிய நின்னு, நிர்மலா வந்துட்டிருக்கா, அதுவரைக்கும் பாத்துக்கங்கன்னு மட்டும் சொல்லு."

கங்கப்பன் நடப்பது கேட்டது. அவர் அதை அப்படியே சொல்வதும் கேட்டது. பிறகு வெகுநேரம் என்ஜின் சத்தம் மட்டும்.

"அப்பா? சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்புறம் ஏன் பேச மாட்டேங்கற?"

"பதில் வந்துச்சும்மா," என்றார்.