எழுந்து நிற்காத உறுப்பினர்

கிட்ட வந்து உட்காருங்கள் என் கண்ணுகளே, நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே கேளுங்கள். நம் டோக்கியோவில் நடந்ததைச் சொல்கிறேன். கதை முடியும் வரை யாரையும் நம்பிவிடாதீர்கள்.

அன்றும் இப்படித்தான் மழை. துப்பறியும் இசொகாயின் வீட்டு வாசலில் சாவகோ என்ற பெண் நடுங்கிக்கொண்டு நின்றாள். அவள் தந்தை குசெ, மாமன்னரின் ஆலோசனைச் சபை உறுப்பினர்.

"சபை ரகசியத்தப் பத்திரிகைக்குச் சொன்னது அப்பாதான்னு சொல்றாங்க ஐயா. நாளைக்குக் காலையில ராஜினாமா. இந்தப் பழியோட அவர் பிழைக்க மாட்டார்."

இசொகாயின் மனைவி நுயி அவள் கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தாள். 'அரிசி வரிக்குச் சபையே எழுந்து நின்று சம்மதித்தது. குசெ மட்டும் பாறைபோல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கறுப்பு அங்கியின் பின்கழுத்தில் வெள்ளை நூல் தையல்! ஏழைகளின் தோழர் ஏழையாகவே இருக்கிறார்.'

சபை சொல்வது யோசனைதான். கையெழுத்தும் பொறுப்பும் அமைச்சர்களுடையவை. ஆனால் அந்த யோசனை முதலில் மாமன்னரின் காதில் விழவேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது வெளியே கசிந்தால், அரண்மனையே கட்சிச் சண்டைக்குள் வந்துவிடும்.

"பத்திரிகை புகழுறது இவரத்தானே? அப்போ இவரேதான் சொல்லியிருப்பார்," என்றாள் நுயி.

"உனக்கு எப்பவும் அவசரம்," என்ற இசொகாய், சாவகோவிடம் திரும்பினார். "அந்தத் தையல் யார் போட்டதும்மா?"

"நான்தான். சபைக்குக் கிளம்புற நேரம், கறுப்பு நூல் கிடைக்கல. அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அங்கியைத் தொட்டிருக்க மாட்டார்."

"எந்தப் பக்கம் இருந்தேன்னு உங்கிட்ட சொன்னாரா?"

"மகளுக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

மாலையில் சபைத் தலைவரின் அனுமதியோடு இசொகாயும் நுயியும் மண்டபத்துக்குள் போனார்கள். குசெ தம் நாற்காலியில் குனிந்த தலையோடு இருந்தார். எதிரே உறுப்பினர் த்சுகுதா கொதித்துக்கொண்டிருந்தார். புதிதாக வேலைக்கு வந்த வாயில்காப்பாளர் ஒகினோ, குசெயின் முதுகுக்குப் பின்னிருந்த காகிதக் கதவோரம் மண்டியிட்டிருந்தார். நுயிக்கு மூவர் மேலும் சந்தேகம்.

"உள்ள விசிறியத் தூக்கி ஆமான்னுட்டு, வெளிய வீரன் வேஷமா?" என்று சீறினார் த்சுகுதா.

தலைவர் பலமாக இருமினார். பேசக் கூடாததைப் பேசிவிட்ட த்சுகுதா வாயைப் பொத்திக்கொண்டார்.

"விசிறியா?" என்றார் இசொகாய்.

தலைவர் தயங்கிச் சொன்னார்: "போர்ல அவருக்கு முழங்கால் போச்சு. பிடிமானம் இல்லாம எழுந்திருக்க முடியாது. சம்மதம்னா மடிச்ச விசிறிய நெஞ்சுக்கு நேரா பிடிக்கலாம்னு வழக்கம். மத்தவங்களுக்கு முன்னாடியே வந்து உட்காருவார், கடைசியாத்தான் போவார்."

இசொகாய் காகிதக் கதவருகே குனிந்தார். அதில் ஈர விரலால் குத்திய சிறு ஓட்டை இருந்தது. "நுயி, வெளிய போய் இது வழியா பாரு. குசெ ஐயா, விசிறியப் பிடிங்க."

"விசிறி எங்கங்க? நாற்காலி முதுகும், கழுத்துல வெள்ளத் தையலும்தான் தெரியுது!" என்று கத்தினாள் நுயி.

"அதேதான் பத்திரிகைல வந்திருக்கு. எதிர்ல இருந்தவங்க தையலப் பார்த்திருக்க முடியாது. குசெ ஐயாவுக்கு அது இருந்ததே அப்போ தெரியாது. மகளுக்குத் தையல் தெரியும், சபைல நடந்தது தெரியாது. இந்தக் கதவுக்கு வெளிய காவல் இருந்து, விசிறி வழக்கம் தெரியாத புது ஆள்தான், உட்கார்ந்திருந்தா எதிர்ப்புன்னு நினைப்பார்."

ஒகினோவின் நெற்றி தரையைத் தொட்டது. "எங்க ஊர்ல அரிசி இல்லாம சாகிறாங்க ஐயா. ஒருத்தராவது எங்களுக்காக உட்கார்ந்தாரேன்னு அழுதுட்டேன். பத்திரிகைல இருக்கிற மருமகன்கிட்ட சொன்னேன். குசெ ஐயாவுக்குப் பெருமை சேர்க்கத்தான்..."

த்சுகுதா எழுந்து வந்து குசெக்குத் தலைவணங்கினார். தலைவர் குசெயின் ராஜினாமாக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

குசெ மட்டும் ஒகினோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ நெனச்ச அந்த மனுஷன் நான் இல்லையேப்பா," என்றார் மெல்ல. பிறகு தலைவரிடம், "காலையில மாமன்னர்கிட்ட யோசனை போகுமில்ல? அதுக்கு முன்னாடி சபைல இன்னொரு தடவ சம்மதம் கேளுங்க. இந்த விசிறி மடியிலேயே இருக்கட்டும்."

என் கண்ணுகளே, உங்கள் வீட்டு அரிசிப்பானை என்றும் குறையாதிருக்கட்டும். உங்கள் கிழிசலைச் சொல்லாமலே தைத்துவிடும் கை ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.