முப்பத்தொன்றாம் கன்னம்

“ஐயய்யோ... பெட்டியைக் காணோம்!”

டாக்டரம்மா போட்ட கூச்சலில், மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த கூரியர்காரர் அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

இரும்பு அலமாரியின் மேல் தட்டு. தகரப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு சதுரம் மட்டும் தூசியில்லாமல் பளிச்சென்று...

அந்த ஆராய்ச்சிக்கூடத்திலேயே பளிச்சென்று இருந்த ஒரே இடம் அதுதான்!

விஷயம் இதுதான். முகப்பருக்காரர்கள் அறுபது பேர். பாதிப் பேருக்கு மருந்து க்ரீம், மீதிப் பேருக்கு வெறும் க்ரீம். யாருக்கு எது என்று பூசுகிறவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. ஆளுக்கொரு உறை, உள்ளே ஒரு சீட்டு, மேலே அரக்கு முத்திரை. ஓர் உறை பிரிந்தால் அந்த ஆள் கணக்கிலிருந்து அவுட்!

அறுபதும் போனால்? ஒன்றரை வருஷ உழைப்பு குப்பைத்தொட்டிக்கு!

அலமாரிப் பூட்டு உடையவில்லை. சாவியோ ஒன்றே ஒன்று. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டே ஊரெல்லாம் தேடுகிறவர் டாக்டரம்மா. அதனால் சாவி இருந்தது கணக்கு அக்காவிடம்.

அக்காவுக்கு உத்தியோகம் பரு எண்ணுவது. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் உண்டு. ஆள் சேர்ப்பதெல்லாம் பக்கத்துத் தெரு கிளினிக்கில். இங்கே வரும்போது தலையில் தொப்பி, கண்ணில் கறுப்பு மூடி. பேரும் தெரியாது, முகமும் முழுசாகத் தெரியாது. ஆள் தெரிந்தால் எண்ணிக்கையில் தாட்சண்யம் வந்துவிடுமாம்! நம்பரைக் கூப்பிடுவார், கன்னத்தை உப்பச் சொல்லி எண்ணுவார், தழும்பைக் குறிப்பார், அனுப்புவார்.

பழக்கம் வீடு வரைக்கும் போயிருந்தது. வாசலுக்கு வந்த சம்பந்தியம்மாளிடம் “வாங்க” என்பதற்குப் பதில் “பதினாலு” என்று சொல்லிவைத்து, ஆறு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“சாவியை எங்கேம்மா வெச்சிருந்தே?”

“கோட்டுப் பையிலதான் டாக்டரம்மா. கோட்டு ஆணியில. நான் எடுக்கலை... என் புள்ளைங்க மேல சத்தியம்!”

“நான் நம்பறேன். போலீஸ் நம்பணுமே! அவங்க பெரிய ஐயாவுக்கே போன் போட்டுட்டேன். ஆளை அனுப்பறாராம். ஒரு மணிக்கு என்னாச்சுன்னு அவரே கூப்பிடுவாராம்.”

ஆள் வந்தார்.

இன்ஸ்பெக்டர். ஆறடி. வாயையும் மூக்கையும் மூடிய மாஸ்க். பின்னாலேயே ஒரு ஏட்டு, கையில் டீ ப்ளாஸ்க்கோடு.

“ஜலதோஷம்!” என்றார் இன்ஸ்பெக்டர், யாரும் கேட்காமலே. “சாவி யார்கிட்ட?”

“எங்கிட்ட சார்.”

“முடிஞ்சுது. ஏறுங்க ஜீப்ல!”

“சார்... கைரேகை கீரேகை எதுவும் பாக்காம...”

“அதெல்லாம் கதையில! சாவி, அலமாரி, நீங்க. மூணும் ஒரே ரூம்ல. இன்னும் என்ன வேணும்?”

“அட, கொஞ்சம் பொறுங்க!” டாக்டரம்மா குறுக்கே வந்தார். “பதினோரு வருஷமா எங்கிட்ட இருக்கா. ஒரு பஞ்சுகூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்லே!”

“பஞ்சு வேற, பெட்டி வேற மேடம்.”

“ஐயா, டீ ஆறுது...” ஏட்டு டம்ளரை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். மாஸ்க்கைக் கொஞ்சமே கொஞ்சம் இறக்கினார். வலது கன்னம் மட்டும் வெளியே...

அக்காவின் கண் நிறையத் தண்ணீர். ஆனாலும் பழக்கம் விடுமா?

ஒன்று... இரண்டு... மூன்று...

சட்டென்று நின்றது எண்ணிக்கை!

கன்ன எலும்புக்குக் கீழே மூன்று குழி. மேலே ஒன்று, கீழே இரண்டு. த்ரீ பின் ப்ளக் பாயின்ட் மாதிரியே!

உலகத்தில் அப்படி ஒரு கன்னம்தான் உண்டு. அக்காவே நோட்டில் எழுதிய கன்னம். முந்தாநாள் இதே அறையில் தனியாக உட்கார்ந்திருந்த கன்னம்!

சொல்லலாமா? சொல்லி, அது தப்பாகிவிட்டால்? இன்ஸ்பெக்டரையே திருடன் என்றவள், பரு எண்ணியது போய்க் கம்பி எண்ண வேண்டியதுதான்!

அக்கா கண்ணைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

“முப்பத்தொண்ணு! லைட் பக்கம் திரும்புங்க. கண்ணை மூடுங்க. கன்னத்தை உப்புங்க!”

இன்ஸ்பெக்டர் திரும்பினார்!

கண்ணை மூடினார்!

வாயிலிருந்த டீயோடு இரண்டு கன்னத்தையும் பந்து மாதிரி உப்பினார்!

அக்கா விட்ட இடத்திலிருந்து எண்ணி முடித்தார்.

ஐந்து விநாடி கழித்து அவருடைய ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்தது. டீ உள்ளே போன சத்தம், “மொடக்.”

“ஐயா...” என்றார் ஏட்டு, பரிதாபமாக.

“ஜீப்ல... என் சீட்டுக்கு அடியில இருக்கு. போய் எடுத்துட்டு வா.”

“ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?” டாக்டரம்மா தலையில் கை வைத்தார்.

“பன்னெண்டு வாரமாப் பூசறேன் மேடம். இந்தக் கன்னத்துல நாப்பத்திரண்டு இருந்தது ஒன்பதாயிடுச்சு. மருந்தா, வெறும் க்ரீமான்னு தெரியாம தூக்கமே வரலை! ஸ்டேஷன்ல கைதிகூட, வெந்நீர்ல மூஞ்சி கழுவுங்க சார்னு எனக்கு வைத்தியம் சொல்றான்...”

“ஒன்பது இல்லே சார். இன்னிக்குப் பதினொண்ணு” என்றார் அக்கா.

“எப்படி எடுத்தீங்க?” என்றார் டாக்டரம்மா.

“முந்தாநாள் இவங்க எண்ணிட்டுக் கை கழுவப் போனாங்க. கோட்டு ஆணியில இருந்துச்சு. எல்லாத்துக்கும் விடை அந்த அலமாரியிலதான் இருக்குன்னு இவங்கதான் சொன்னாங்க. ஹெல்மெட்டுக்குள்ள பெட்டியை வெச்சு...”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். வாய் அவருக்கு எப்போதும் ஒரு சுற்று அதிகம்தான்!

ஏட்டு பெட்டியோடு ஓடிவந்தார். அக்கா எண்ணினார். உறை அறுபது. உடையாத முத்திரை... அறுபது!

டாக்டரம்மாவுக்கு உயிர் வந்தது. அக்காவுக்கு வேலை வந்தது.

“ரெண்டு நாள் கையில வெச்சிருந்து ஏன் சார் பிரிக்கலை?”

இன்ஸ்பெக்டர் உறையின் மேலே இருந்த எழுத்தைக் காட்டினார். “‘உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பிரிக்கவும்’னு போட்டிருக்கே மேடம். நான் போலீஸ்காரன்... விதியை மீறலாமா?”

ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார்.

“மேடம்... பேரை வெளிய சொல்ல மாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க!”

“சொல்ல மாட்டோம் சார். முப்பத்தொண்ணுதான் திருடினதுன்னு மட்டும் சொல்றோம்.”

ட்ரிங்... ட்ரிங்...

சரியாக ஒரு மணி!

டாக்டரம்மா போனைப் பார்த்தார். “உங்க பெரிய ஐயா!”

இன்ஸ்பெக்டர் முகத்தில் ரத்தம் வற்றியது. பதினொன்றும் தனித்தனியாக எடுப்பாகத் தெரிந்தன.

அக்கா பெட்டியைத் துழாவி முப்பத்தொன்றாம் நம்பர் உறையை எடுத்தார். பவ்யமாக நீட்டினார்.

“இந்தாங்க சார்... இப்பத் தாராளமாப் பிரிக்கலாம்!”